பன்னிரண்டாவது ஆள்

எய்ரி பண்ணை,
ஐஸ்லாந்து, 1675, ஜூன் 12

என் அன்புள்ள கெடில் அண்ணாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டாருக்கும் உன் ஆடுமாடுகளுக்கும் உண்டாவதாக. கருவாடு ஏற்றிக்கொண்டு மேட்டைக் கடக்கும் ஆட்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன் என்று திட்டாதே. திட்டுவதற்கு இதைவிடப் பெரிய விஷயம் கீழே வருகிறது.

முதலில் நல்ல செய்தி. இந்த வருடம் ஆட்டுக்குட்டிகள் எல்லாம் பிழைத்தன. நாற்பத்திரண்டு. ஒன்றைக்கூட நரி தொடவில்லை. அந்த நல்ல செய்திதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

பக்கத்துப் பண்ணை ஸ்டெயின்தோரை உனக்குத் தெரியும். புல்வெளி எல்லைக்காகப் பத்து வருடமாக என்னோடு மல்லுக்கட்டுகிறவன். அவனுடைய குட்டிகளில் பதினொன்றை நரி கொண்டுபோயிற்று. அவன் மனைவி ஹால்திஸ் ஈஸ்டரிலிருந்து படுத்த படுக்கை. ஓயாத விக்கல், கொட்டாவி, கை கால் மரத்துப் போகிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும், "ஓட்டார், என் பொண்டாட்டி மேலே ஏவி விட்டதை நீயாத் திருப்பி எடுத்துக்கிறியா, இல்ல அதிகாரியைக் கூப்பிடட்டுமா?" என்றான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "விடியக்காலைல எந்திரிச்சு குட்டிங்களோட நின்னாப் போதும்டா, நரிக்கு அதைவிடப் பெரிய சூனியம் கிடையாது" என்று சொல்லித் தொலைத்தேன். சிரித்தார்கள். சிரிக்க வைத்தவனை இந்த ஊர் மன்னிக்காது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மாவட்ட அதிகாரி நான்கு ஆட்களோடு வந்து வீட்டைத் தலைகீழாக்கினார். என் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். நரி விரட்டும் மந்திரக் குறியும் அதன்கீழ் ஒரு ஜெபமும் எழுதிய தாள். "இதை எழுதுனது யாரு?" என்று கேட்டார். எவனோ ஒரு மாலுமி கொடுத்தான், அவன் கடலில் போய்விட்டான் என்றேன்.

வழக்கு நம்முடைய பழைய முறைப்படிதான். நோயை நான் ஏவவில்லை என்று நான் சத்தியம் செய்ய வேண்டும்; என் சத்தியம் மெய் என்று பன்னிரண்டு பேர் என்னோடு நின்று சத்தியம் செய்ய வேண்டும். அவர்களில் ஒருவனாவது என்னைச் சிறுவயது முதல் அறிந்தவனாக இருக்க வேண்டுமாம். பன்னிரண்டு பெயரையும் அப்போதே சொல்லச் சொன்னார்கள். எழுதியபின் மாற்றக் கூடாது. ஒருவன் வராவிட்டாலும் சத்தியம் விழுந்துவிடும். பதினோரு பெயரை யோசித்து யோசித்துச் சொன்னேன். பன்னிரண்டாவதாக உன் பெயரை, யோசிக்காமலே சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள். உன் அம்மா வளர்த்த பிள்ளை நான். உன்னைத் தவிர வேறு யாரைச் சொல்வேன்?

வழக்கு கேட்கும் சபை அக்டோபர் பதினாறாம் தேதி. என் வீட்டுக்காரி ரன்வேய், "பெரியத்தான் வரும்போது அந்த நல்ல புகையிலை கொண்டாரச் சொல்லுங்க" என்கிறாள்.

உன் தம்பி,
ஓட்டார், பியார்னி மகன்


ஹோல்ட் பண்ணை,
ஜூன் 29

அன்புத் தம்பி ஓட்டாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆட்டுத் தொழுவத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணி தோரா இரண்டு தடவை வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். "வயிறு சரியில்ல" என்றேன்.

அந்தத் தாளை இன்னுமா வைத்திருந்தாய்? முப்பது வருடமாகிறதே! நீ எய்ரியில் முதல் முதலாகக் குடியேறிய வசந்தத்தில், நரி உன் குட்டிகளைத் தின்கிறது என்று நீ அழாத குறையாக நின்றபோது யாரோ விளையாட்டாகக் கொடுத்தது அது. கிழித்து நெருப்பில் போட்டிருக்க வேண்டாமா? அந்த நாளில் ஊரில் பாதிப் பேரிடம் அது மாதிரி இருந்தது. இப்போது காலம் மாறிவிட்டது. போன வருடம் எங்கள் பக்கத்தில் ஒருவனை எரித்தார்கள். அவனிடம் இருந்தது ஒரு தாள்கூட இல்லை, ஒரு ஆட்டு எலும்பு.

ஒன்று கேட்கிறேன். சத்தியம் செய்கிறவர்கள் சபைப் புத்தகத்தில் தங்கள் கையால் பெயர் எழுத வேண்டும் என்று சொல்கிறார்களே, அது உண்மைதானா? அந்தத் தாளும் அதே மேசையில்தான் இருக்குமா?

என் பழைய கடிதங்கள் உன்னிடம் இருந்தால் எரித்துவிடு. இதையும். நான் கட்டாயம் வருவேன் என்றுதான் நினைக்கிறேன். வைக்கோல் அறுப்பு எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். போதாததற்கு மகள் இங்குனுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறோம், பாதிரியார் வீட்டுச் சம்பந்தம். இலையுதிர்காலத்தில் கல்யாணம் வைத்தாலும் வைப்பார்கள்.

திடமாக இரு. கர்த்தர் நீதியுள்ளவர்.

உன் அண்ணன்,
கெடில்


எய்ரி பண்ணை,
ஜூலை 20

அண்ணா,

இதை ரன்வேயின் சகோதரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் மனம்விட்டு எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

"யாரோ கொடுத்தது" என்று எழுதியிருந்தாய். அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சிரித்தேன், ரன்வேய் என்னவென்று கேட்டாள். சரி, யாரோதான். அந்த யாரோவின் பெயரை நான் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். நீ எழுதிய தாள் என்று எனக்கும் உனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். ரன்வேய்க்குக்கூட நான் சொல்லவில்லை. உன் கடிதங்களையெல்லாம் எரித்துவிட்டேன். இருபத்தேழு இருந்தன. அம்மா செத்தபோது நீ எழுதியதை மட்டும் போடுமுன் இன்னொரு தடவை படித்தேன்.

ஏன் அந்தத் தாளை வைத்திருந்தேன் என்று கேட்டாய். நரிக்காக இல்லை. குறியைப் பார்த்துப் பயந்து ஓடுகிற நரியை இந்த ஐஸ்லாந்தில் எவன் பார்த்திருக்கிறான்? உன் எழுத்து அழகாக இருந்தது, அவ்வளவுதான். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பலகையில் நாம் எழுதிப் பழகினோம். உனக்கு முத்து முத்தாக வந்தது. எனக்குக் கோழி கிளறியது மாதிரி வந்தது. எனக்கென்று கைப்பட நீ எழுதிக் கொடுத்த முதல் பொருளை எரிக்க மனம் வரவில்லை. முட்டாள்தனம்தான். அதற்கான விலையை நான்தானே கொடுக்கப்போகிறேன், நீ ஏன் பதறுகிறாய்?

நீ கேட்டதற்குப் பதில்: ஆம், புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். ஆம், தாளும் அங்கேதான் இருக்கும்.

மற்ற பதினோரு பேரைப் பற்றிக் கேள். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். கொல்லன் ஓர்ம், "நீ சூனியக்காரனா இருந்தா என் மாமியாருக்கு ஏதாவது பண்ணியிருக்க மாட்டியா, எத்தனை தடவை கேட்டிருக்கேன்" என்றான். ஒருவனுக்குத் திடீரென்று முழங்கால் வலி, ஒருவனுக்கு மாடு சினை. ரன்வேய் ஒவ்வொரு வீடாகப் போனாள். முழங்கால் வலிக்காரன் வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க மவன் கடல்ல கவுந்தப்ப இழுத்துப் போட்டது எந்தச் சூனியம்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டாளாம். அவனுக்கு முழங்கால் குணமாகிவிட்டது. இப்போது பதினோரு பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நீ மட்டும்தான் பாக்கி. உன்னைப் பாக்கியாக நான் எண்ணவில்லை.

ஓட்டார்


ஹோல்ட் பண்ணை,
ஆகஸ்ட் 24

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அப்பாவுக்கு வலது கை வீங்கியிருக்கிறது. அரிவாள் பிடித்ததில் வந்ததென்று சொல்கிறார். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

தம்பி, உன் கடிதம் கிடைத்தது. மழை விடவே இல்லை. பாதி வைக்கோல் வயலிலேயே கறுத்துவிட்டது. நான் இரவும் பகலும் யோசித்துப் பார்க்கிறேன். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் செய்கிற சத்தியம் சாதாரணமா? ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்தால் அவன் ஆத்துமா என்னாகும்? எங்கள் பாதிரியாரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "தெரிஞ்சதை மறைச்சுப் பண்ற சத்தியம் பாதி பொய், கெடில். பாதிப் பொய்க்குப் பாதி நரகம்னு ஒண்ணு கிடையாது" என்றார்.

என்னைவிட நல்ல ஆள் யாராவது உனக்குக் கிடைக்கமாட்டார்களா? அதிகாரியிடம் கேட்டு என் பெயரை மாற்ற வழி இருக்கிறதா என்று பார். கோபித்துக்கொள்ளாதே. உனக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

அப்பா சொல்ல இங்குன் எழுதியது. சித்தப்பா, எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அப்பா சாப்பிடுவதே இல்லை. சித்தியிடம் என் அன்பைச் சொல்லவும்.


எய்ரி பண்ணை,
செப்டம்பர் 18

அண்ணா,

இங்குன் அழகாக எழுதுகிறாள். ஆனால் இது நீ தனியாகப் படிக்க வேண்டிய கடிதம்.

பெயரை மாற்ற முடியாது என்று முதலிலேயே எழுதினேன். நீ வராவிட்டால், என் சிறுவயதை அறிந்தவனே என்னை நம்பவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். அது ஒரு ஆள் குறைவதைவிட மோசம்.

ஆத்துமாவைப் பற்றி எழுதியிருந்தாய். நான் பாதிரியார் இல்லை. ஆனால் சத்திய வாசகத்தை இரண்டு தடவை கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறேன். ஹால்திஸுக்கு நான் நோய் ஏவவில்லை என்று நான் சொல்வேன். "இவன் சத்தியம் மெய்யென்று நம்புகிறேன்" என்று நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்திருப்பேன் என்று நீ நம்புகிறாயா? இல்லையே. அப்படியென்றால் இதில் எங்கே இருக்கிறது பாதிப் பொய்?

உன் பயம் வேறு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிடு அண்ணா, என்னிடம் வெட்கம் என்ன? நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உன் கை வீங்கியிருப்பது நல்லதாகப் போயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு வா. எழுத முடியாதவர்கள் பேனாவைத் தொட்டால் போதும், எழுத்தர் பெயரை எழுதிக்கொள்வார். ஓர்முக்கு எழுதத் தெரியாது, அவனும் தொடப்போகிறான். யாரும் உன்னை எழுதச் சொல்லமாட்டார்கள். உன் எழுத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். வந்து என் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

உன் தம்பி,
ஓட்டார்


அதிகாரியின் பண்ணை, காவலில்,
அக்டோபர் 19

அண்ணா,

காவல்காரன் நல்லவன், தாளும் மையும் கொடுத்தான். இதை ஓர்ம் மறைத்துக் கொண்டுவருகிறான்; அவனுக்குப் படிக்கத் தெரியாது.

பதினோரு பேரும் வந்தார்கள். முழங்கால்காரன்கூட. அதிகாரி உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் மேட்டுப் பாதையையே பார்த்தோம். பொழுது சாயும்வரை காத்திருக்கிறேன் என்றார், காத்திருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு தடவை தூரத்தில் ஒரு குதிரை தெரிந்தது. ரன்வேய், "பெரியத்தான் வந்துட்டார்!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். உப்பு வாங்கப் போனவன் அது. பிறகு சத்தியம் விழுந்தது என்று எழுதினார்கள்.

ஆற்றுத்துறை வரை நீ வந்தாய் என்று படகுக்காரன் சொன்னான். கையில் கட்டுப் போட்டிருந்தாயாம். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் தாளை மறுபடி எடுத்தார்கள். மாலுமி கதையை இப்போது யாரும் நம்பவில்லை. ஸ்டெயின்தோர், "எழுதுனவன் இன்னொருத்தன் இருக்கான். அவனையும் பிடிக்கணும்" என்று கத்தினான். நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். சத்தியம் விழுந்தபின் அதனால் எனக்கு என்ன கூடப்போகிறது, குறையப்போகிறது? அதிகாரி பேனாவைக் கொடுத்து, "எழுதிக் காட்டு" என்றார். அந்தத் தாளில் இருந்த ஜெபத்தை அப்படியே எழுதினேன். கோழிக் கிளறலாக இல்லை, உன் எழுத்தாக. முப்பது வருடம் பார்த்த எழுத்து அல்லவா, கண்ணை மூடிக்கொண்டாலும் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே கை" என்றார். ஸ்டெயின்தோரும் வாயை மூடிக்கொண்டான். இனி யாரும் உன்னைத் தேடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி என்று தீர்ப்பாகியிருக்கிறது. விறகுக்காகப் பிர்ச் மரக் காட்டுக்கு இருபது குதிரைகள் போயிருக்கின்றன. குளிர்காலத்துக்கு என் வீட்டில் ஒரு கட்டுக்கூட இல்லை.

ஆடுகளைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். பசு ஒன்றை மட்டும் ரன்வேய்க்கு விட்டிருக்கிறார்கள். வைக்கோல் இருந்தால் கொஞ்சம் அனுப்பு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. வருத்தம் இருக்கிறது அண்ணா. நிறைய இருக்கிறது. அன்பும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க எனக்கு இப்போது நேரமில்லை.

ஓட்டார்


அதிகாரியின் பண்ணைக்கு அருகில்,
அக்டோபர் 27

என் தம்பி ஓட்டாருக்கு,

இதை என் கையால் எழுதுகிறேன். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனதே இல்லை. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ஆற்றுத்துறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படகுக்காகக் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் உன் வழக்கைப் பேசினார்கள். ஒருவன், "சூனியக்காரனுக்குச் சத்தியம் பண்ண வர்றவனையும் நல்லாப் பார்த்து வெச்சுக்கணும்ப்பா, கூட்டாளி இல்லாம எவன் வருவான்?" என்றான். மற்றவன் என் கட்டைப் பார்த்து, "கைல என்ன பெரியவரே?" என்று கேட்டான். சும்மாத்தான் கேட்டான். நான் கையை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டேன். படகு வந்தது, எல்லோரும் ஏறினார்கள், நான் குதிரைச் சேணத்தைச் சரிசெய்வதுபோல் நின்றேன். படகு போய்விட்டது. அடுத்த படகில் போகலாம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அடுத்ததும் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. பாதிரியாரும் ஆத்துமாவும் இங்குன் கல்யாணமும் எல்லாம் சாக்கு. நான் பயந்தாங்கொள்ளி.

உன் கடிதம் வந்ததும் கிளம்பிவிட்டேன். தோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு வழிக்கு ரொட்டியும் வெண்ணெயும் கட்டிக் கொடுத்தாள். நேற்று அதிகாரி முன்னால் நின்று, தாளை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். நீ எனக்காக என் எழுத்தை எழுதிக் காட்டினாய் என்றும் சொன்னேன். நம்பவில்லை ஓட்டார்! எழுதிக் காட்டுகிறேன் என்று பேனாவைக் கேட்டேன். எழுதியும் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஒரே வீட்ல எழுதப் பழகுனவங்க, ஒண்ணாத்தான் இருக்கும். தம்பி சாகறதைப் பார்க்க முடியாம பேசறீங்க. தீர்ப்புக்கு முத்திரை வெச்சாச்சு. வீட்டுக்குப் போங்க" என்றார். நான் தாளைக் கொடுத்த வருடம், நாள், இடம் எல்லாம் சொன்னேன். என் தோளைத் தட்டி வெளியே அனுப்பினார். உன் பக்கத்தில் என்னையும் கட்டுங்கள் என்று கேட்டேன், என் வாயால் கேட்டேன். சபையில் ஒரு வாக்கியம் சொல்ல வராத வாய், கேட்பாரில்லாத இடத்தில் நாள் முழுக்கப் பேசிற்று.

உன்னைப் பார்க்க விடவில்லை. ரன்வேய் தினமும் உனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள் என்று தெரியும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இதைப் பால் கறக்கிற பெண் மூலம் அவளிடம் சேர்ப்பிக்கிறேன்.

நான் சொன்னேன் என்பதை மட்டும் நீ அறிந்துகொண்டால் போதும். தாமதமாகத்தான், பயனில்லாமல்தான், ஆனாலும் சொன்னேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. வெள்ளிக்கிழமை காலை வரை நான் இந்தப் பக்கத்துப் பண்ணையில்தான் இருப்பேன்.

உன் அண்ணன்,
கெடில்


எய்ரி,
நவம்பர் 14

ஹோல்ட் பண்ணை கெடில் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று குதிரைச் சுமை வைக்கோல் வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பசு கத்தியது, போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் கேட்டு உங்கள் ஆள் இரண்டு தடவை வந்தான். அதனால் எழுதுகிறேன். பால் கறக்கிற பெண் கொடுத்த கடிதத்தை நான் அன்றே அவரிடம் கொண்டுபோனேன். காவல்காரர்களின் அடுப்புப் பக்கத்தில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். மேலே எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிட்டார்.

"என்னங்க, படிக்கலையா?" என்று கேட்டேன்.

"இது அண்ணன் கை ரன்வேய். இந்த வீட்ல யாராவது பார்த்தா அவரு மாட்டிக்குவாரு. படிக்கற நேரத்துல யாராவது உள்ளே வந்துட்டா என்ன பண்றது?" என்றார். முழுவதும் எரிந்து முடியும்வரை குச்சியால் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்தத் தாளை எழுதியது யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஓர்ம் கடைசிவரை அவர் பக்கத்தில் நின்றான். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்லாதே என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். அதை நான் காப்பாற்றுவேன்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இனி எனக்கு எழுதிச் சொல்லவும் வேண்டாம். கேட்க வேண்டியவர் கேட்காமலே போய்விட்டார்.

ரன்வேய்